கெட்டிக்கும் நேரம்

என் தங்கை மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளிப் பேச்சுப் போட்டிக்காகக் கட்டபொம்மனைப் பற்றித் தான் எழுதிய உரையைச் சென்ற மாதம் எனக்கு அனுப்பி, "மாமா, பிழை இருந்தால் மட்டும் திருத்திக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தான். இரண்டாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது: "அவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள், நாம் வாளோடு நின்றோம், அதனால் தோற்றோம்." முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இதே மாவட்டத்தில், இதே வகுப்பில், ஏறக்குறைய இதே சொற்களை நான் மேடையில் முழங்கியிருக்கிறேன். "வாளோடு நின்றோம்" என்னும் இடத்தில் வலக்கையை உயர்த்தி, ஒரு கணம் நிறுத்தி, "தோற்றோம்" என்று கையைத் தாழ்த்தினால் கைதட்டல் விழும் என்று எங்கள் தமிழாசிரியர் சொல்லிக் கொடுத்திருந்தார். விழுந்தது. ஓர் எவர்சில்வர் டம்ளரும் பரிசாகக் கிடைத்தது.

அந்த வரியில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைத் தாண்டி மூன்றாம் பக்கத்துக்குப் போக என்னால் முடியவில்லை. எங்கள் ஊருக்கும் கட்டபொம்மனின் கோட்டை இருந்த பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே ஒரு பேருந்துப் பயணத் தொலைவுதான். அங்கே நடந்ததே இந்த வரிக்கு ஒத்துப் போகவில்லை. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் அந்தக் கோட்டையின்மேல் நடத்திய நேரடித் தாக்குதல் தோல்வியில் முடிந்தது. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து திரும்பக் கட்டிய கோட்டையின்மேல் 1801 மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலும் அப்படியே முடிந்தது. பீரங்கியால் உடைத்த மதிலின் இடைவெளியில் 18 அடி, 20 அடி நீள ஈட்டிகளோடு நின்றவர்களைத் தாண்டி உள்ளே கால் வைக்க முடியவில்லை என்பது அந்தத் தாக்குதலில் இருந்த ஆங்கில அதிகாரியின் வாக்குமூலம். பாளையக்காரர் படையில் துப்பாக்கியும் இருந்தது. கும்பினி என்று நம் மக்கள் அழைத்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகளின் இடுப்பில் வாளும் இருந்தது. அப்படியென்றால் இந்த இரண்டு ஆயுதங்களும் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஒரே களத்தில், பல வேளைகளில் ஒரே ஆளின் உடம்பில், எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன? துப்பாக்கி வந்த மறுநாளே வாள் காலாவதியாகியிருக்க வேண்டும் என்று என்னை நினைக்க வைத்தது எது?

தொண்ணூறு வரை எண்ணியது

நினைத்துப் பார்த்தால், விடையின் பாதியை நான் அந்த டம்ளரை வாங்குவதற்கும் முன்பே கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தாத்தாவின் மானாவாரிக் காட்டுக்கு, கம்பு அறுவடை முடிந்த காலத்தில், நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கியோடு வருவார். தாத்தாவை அவர் "சாமி" என்று அழைப்பார். நான் "சின்னச் சாமி". அவர் துப்பாக்கியைக் கெட்டிப்பதைப் பார்ப்பதற்காகவே நான் பின்னால் போவேன். முதலில் குழாயை நிமிர்த்தி, அதன் வாய் வழியாகக் கருமருந்தை அளந்து கொட்டுவார். தேங்காய் நாரை உருண்டையாகத் திரட்டி மேலே வைத்து, நீண்ட இரும்புக் கம்பியால் இறங்க இறங்கக் குத்துவார். பிறகு ஈய ரவை; அதற்கு மேல் மறுபடியும் நார்; மறுபடியும் குத்து. கடைசியில் கம்பியை உருவித் துப்பாக்கியின் அடியில் செருகிவிட்டு, விசைக்குக் கீழே கேப்பு, அதாவது அடிபட்டால் பொறி கிளப்பும் சிறு மூடி, வைப்பார். ஒருநாள் நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நின்றேன். தொண்ணூறு வந்தது. அவர் அவசரப்படவில்லை என்பது உண்மை. ஆனால் அவசரப்பட்டிருந்தாலும் எவ்வளவு குறைந்திருக்கும் என்று தெரியவில்லை.

அன்று கௌதாரிக் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டார். ஒன்று சிறகில் அடிபட்டு விழுந்து, தத்தித் தத்திப் புதருக்குள் ஓடப் பார்த்தது. அவர் மறுபடியும் கெட்டிக்கவில்லை. துப்பாக்கியை அப்படியே தரையில் கிடத்திவிட்டு, இடுப்பிலிருந்த கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் என் கவனம் முழுவதும் கௌதாரியின்மேல் இருந்தது. இப்போது நினைக்கும்போது கண் முன்னால் வருவது தரையில் கிடந்த துப்பாக்கிதான். சுட்டு முடித்த மறுகணம் அது வெறும் இரும்புக் குழாய்.

அவர் வைத்திருந்தது கேப்புத் துப்பாக்கி, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. அதற்கு முன்னோடியான திரித் துப்பாக்கி இன்னும் தொல்லை பிடித்தது. எரிந்துகொண்டே இருக்கும் திரியை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் கருமருந்தைக் கையாள வேண்டும். மழை தூறினால் திரி அணையும். காற்றடித்தால் பொறி பறந்து மருந்துப் பையில் விழும். இரவில் திரியின் செந்நுனி ஆளைக் காட்டிக்கொடுக்கும். குதிரைமேல் அமர்ந்து இதையெல்லாம் செய்வது இன்னும் கடினம். பதினேழாம் நூற்றாண்டில் பரவிய சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி திரியை ஒழித்தது. கெட்டிக்கும் வேலையை ஒழிக்கவில்லை. மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரித்து, ஓயாத பயிற்சியில் உருவாக்கப்பட்ட சிப்பாய், நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். அதுதான் உச்சம். புகை மண்டிய களத்தில், பக்கத்தில் நிற்பவன் விழுந்துகொண்டிருக்கும்போது, மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும்.

இதைக் குதிரையின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். உள்ளே வரிப்பள்ளம் இல்லாத அந்தக் காலத்துக் குழாயில் உருண்டைக் குண்டு எங்கே போகும் என்பதற்கு ஏறக்குறைய 100 மீட்டருக்கு அப்பால் யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். நாலுகால் பாய்ச்சலில் வரும் குதிரை ஒரு நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டும். குறி எட்டும் எல்லைக்குள் அது நுழைந்ததிலிருந்து சிப்பாயின் முகத்துக்கு நேரே வந்து நிற்கும் வரை பத்து நொடிதான் இருக்கிறது. கெட்டிக்க இருபது நொடி வேண்டும். ஆக, கையில் இருப்பது ஒரே ஒரு குண்டு. அதைச் சீக்கிரம் சுட்டால் படாது. தாமதித்துச் சுட்டால் படும், ஆனால் அதற்குப் பிறகு கையில் ஒன்றும் இராது. வாள் முந்நூறு ஆண்டுகள் குடியிருந்தது இந்த இருபது நொடிக்குள்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

கவசம் கழன்ற பிறகு

இதற்கு மேல் ஒரு விஷயம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. துப்பாக்கி தன் பங்குக்கு வாளுக்கு ஓர் உதவியும் செய்தது. ஐரோப்பாவில் தலை முதல் கால் வரை எஃகுத் தகடு அணிந்த வீரன்மேல் வாளின் வெட்டு வாய் பெரிதாக எதையும் சாதிக்காது. அப்படிப்பட்டவனை வீழ்த்தத் தண்டாயுதமும் சம்மட்டியும் வேண்டியிருந்தன. வாளை வைத்திருந்தவன்கூட அதன் அலகின் நடுவில் பிடித்துக்கொண்டு, கவசத்தின் இடுக்குகளில் நுனியைச் செலுத்தப் பாடுபட்டான். துப்பாக்கி பரவியதும் கவசக் கொல்லர்கள் தகட்டைத் தடிப்பாக்கிப் பார்த்தார்கள். விற்பதற்கு முன்னால் அதன்மேல் ஒரு குண்டைச் சுட்டு, துளைக்காமல் விழுந்த குழியையே தரச் சான்றாக விட்டுவைத்தார்கள். ஆனால் குண்டைத் தாங்கும் தகட்டை உடம்பு முழுவதும் சுமந்து யாரால் நடக்க முடியும்? முதலில் கால் கவசம் போனது, பிறகு கை. பதினெட்டாம் நூற்றாண்டில் காலாட்படை வீரன் களத்துக்கு வந்தது வெறும் துணிச் சட்டையோடு. துணிக்கு முன்னால் வாள் மறுபடியும் கொடிய ஆயுதமாயிற்று. குண்டுக்குப் பயந்து கழற்றிய கவசம் வாளுக்கு வழி திறந்துவிட்டது.

குதிரைப்படையின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரை வீரர்கள் இரண்டு மூன்று கைத்துப்பாக்கிகளைச் சேணத்தில் செருகிக்கொண்டு, எதிரியின் அருகே வந்து சுட்டுவிட்டு வட்டமடித்துத் திரும்பும் முறையைக் கைக்கொண்டார்கள். பார்வைக்கு அழகாக இருந்திருக்கும். ஆனால் கைத்துப்பாக்கி ஏறக்குறைய மார்பில் தொடும் தொலைவில்தான் பயன்படும். அந்தத் தொலைவில் வாளும் எட்டும். வாளைக் கெட்டிக்கவும் வேண்டாம். சுவீடன் அரசர் குஸ்டாவஸ் அடால்பஸ், சுடுவதைச் சுருக்கிக்கொண்டு வாளோடு மோதும்படி தன் குதிரைப்படையைப் பழக்கினார். பழைய முறைக்குத் திரும்பியதாக இதைச் சிலர் எழுதியிருக்கிறார்கள். கணக்குப் பார்த்து எடுத்த முடிவு என்றே எனக்குப் படுகிறது.

தரியா தௌலத் சுவரின் முன்னால்

இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டவை. என் பழைய வரி உண்மையிலேயே உடைந்தது சில ஆண்டுகளுக்கு முன்பு, குடும்பத்தோடு மைசூர் போன வழியில், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகையில். 1784இல் திப்பு சுல்தான் கட்டிய கோடைக்கால மாளிகை அது. வெளித் தாழ்வாரத்தின் மேற்குச் சுவரில் ஒரு போர்க்காட்சி தரையிலிருந்து கூரை வரை தீட்டப்பட்டிருக்கிறது. விடுமுறை நாள், சுற்றுலாப் பேருந்துகளிலிருந்து இறங்கிய கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும், நின்று பார்ப்பவனைக் காவலர் சந்தேகத்தோடு பார்ப்பார். என் மனைவி பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போன பிறகு, அந்தச் சுவருக்கு முன்னால் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

அந்த ஓவியம் காட்டும் போர் நடந்தது தமிழ் மண்ணில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில். ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதிய அந்த இடம் நம் புள்ளலூர். பல்லவ மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் அதே புள்ளலூர்தான். சில ஊர்களின் தலையில் இப்படி எழுதியிருக்கும் போலும். 1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் பெய்லியின் தலைமையில் 4,000 பேருக்குச் சற்றுக் குறைவான கும்பினிப் படை, காஞ்சியில் முகாமிட்டிருந்த ஜெனரல் ஹெக்டர் மன்றோவின் பெரும்படையோடு சேர்ந்துகொள்ள வந்துகொண்டிருந்தது. திப்பு அதை வழிமறித்தார். ஹைதர் அலி முழுப்படையோடும் வந்து சேர்ந்தார். மன்றோ நடந்து எட்டும் தொலைவில்தான் இருந்தார், ஆனால் நேரத்துக்கு வந்து சேரவில்லை. பெய்லியின் ஆட்கள் நான்கு பக்கமும் வெளிநோக்கி நின்று, பாய்ந்து வந்த மைசூர்க் குதிரைப்படையைத் துப்பாக்கி வரிசையால் மீண்டும் மீண்டும் திருப்பி அனுப்பினார்கள். ஒழுங்கு குலையாத காலாட்படைச் சதுரத்துக்குள் குதிரை நுழையாது என்பது அந்தக் காலப் போர்ப் பாடத்தின் முதல் வரி. புள்ளலூரில் அந்த வரி காலைப் பொழுதில் நெடுநேரம் செல்லுபடியாயிற்று.

பிறகு அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ஓவியத்தின் நடுவில் அதுதான் இருக்கிறது. சிவப்புச் சட்டைக்காரர்கள் பொம்மைகளைப் போல் ஒரே முகத்தோடு, ஒரே கோணத்தில் துப்பாக்கியைப் பிடித்தபடி வரிசையாக நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே வண்டி தீப்பிழம்பாகிச் சிதறுகிறது. பெய்லி காயத்தோடு பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். இரண்டு பக்கமிருந்தும் குதிரைகள் வந்து பாய்கின்றன, மேலே உயர்ந்த கைகளில் எல்லாம் வாள். வென்றவன் தன் வீட்டுச் சுவரில் வரைவித்த படம், பிற்காலத்தில் மறுவண்ணமும் பூசப்பட்டது. ஆகவே வெட்டுண்டு உருளும் தலைகளின் எண்ணிக்கையை நான் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஓவியர் வண்டியை நடுவில் வைத்தார் பாருங்கள், அதில் போரைப் புரிந்துகொண்ட ஒருவரின் கண் தெரிகிறது. வெடிமருந்து போன பிறகு அந்தச் சதுரத்தில் இருந்தவர்கள் அதே வீரர்கள், அவர்கள் கையில் இருந்தவை அதே துப்பாக்கிகள். காலையில் பலமுறை திரும்பிப் போன அதே குதிரைகள் இப்போது உள்ளே வந்துவிட்டன. பிரெஞ்சு அதிகாரிகள் தலையிட்டுத் தடுத்திராவிட்டால் பிழைத்தவர்கள் இன்னும் குறைந்திருப்பார்கள். மன்றோ தன் கனரகப் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் ஒரு குளத்துக்குள் தள்ளிவிட்டு, செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது என் மனத்தில் வந்தது கௌதாரிக்காக ஓடிய பெரியவரின் பின்னால் தரையில் கிடந்த துப்பாக்கி. துப்பாக்கி தனியாக நிற்கும் ஆயுதமே அன்று. அதன் பின்னால் மருந்துப் பை வேண்டும். பையின் பின்னால் வண்டி வேண்டும். வண்டியின் பின்னால் மாடு, சாலை, கிடங்கு, பணம் எல்லாம் வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்த இடத்தில் வாள் வேலை செய்தது. அதே சுவர் என் வரியின் இன்னொரு பாதியையும் உடைத்தது. சதுரத்துக்குள் நின்றவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். ஹைதர் பக்கத்திலும் துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தன. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த ஏவுகணைகள் இருந்தன, கும்பினியிடம் அவை இல்லை. மைசூர் ஏவுகணைகளில் சிலவற்றுக்கு மூங்கில் கழிக்குப் பதிலாக நீண்ட வாள் அலகையே தோல் வாரால் கட்டியிருந்தார்கள். பழையது எது, புதியது எது என்று நாம் பிரித்து வைத்திருப்பதை அந்தக் கட்டுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? "அவர்கள் துப்பாக்கி, நாம் வாள்" என்று என் கையை உயர்த்தச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பெய்லியின் படையில் பிடிபட்டவர்களில் டேவிட் பேர்ட் என்ற ஸ்காட்லாந்துக்கார இளம் அதிகாரி ஒருவர் உண்டு. அவர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார். அவரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார். அதற்கு முன்னால் அவருடைய நாட்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும், ஏனென்றால் வாளோடு துப்பாக்கியின் முன்னால் நின்றவர்கள் நாம் மட்டும்தான் என்ற தன்னிரக்கத்துக்கு அங்கே நல்ல மருந்து இருக்கிறது.

1689 ஜூலை 27 மாலை, ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கிக் கணவாயில், ஜெனரல் மக்கேயின் தலைமையில் அரசாங்கப் படை துப்பாக்கியோடு நின்றது. எதிரே மலைச்சரிவின்மேல் அதைவிடச் சிறிய மலைநாட்டுக் குலங்களின் படை. கண்ணில் அடித்த வெயில் சாயும் வரை காத்திருந்து, அவர்கள் ஓடி இறங்கினார்கள். நெருங்கியதும் கையிலிருந்த துப்பாக்கியை ஒரே ஒருமுறை சுட்டார்கள், அதைக் கீழே எறிந்தார்கள், அகன்ற வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார்கள். மக்கேயின் ஆட்கள் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் சரிவிலேயே விழுந்தார்கள். ஆனால் சுட்டு முடித்தவர்களுக்குக் கத்தி வேண்டியிருந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கிமுனைக் கத்தியின் மரப்பிடியைக் குழாயின் வாய்க்குள்ளேயே அடைத்துச் செருக வேண்டும். செருகினால் சுட முடியாது, சுட வேண்டுமென்றால் கத்தியைப் பிடுங்க வேண்டும். அவர்கள் செருகிக்கொண்டிருந்தபோதே வாள் வந்து சேர்ந்துவிட்டது. சில நிமிடங்களில் படை சிதறியது. வென்றவர்களின் தலைவர் டண்டி பிரபு குண்டடிபட்டு இறந்தார். துப்பாக்கி தலைவனைக் கொண்டுபோயிற்று, வாள் போரைக் கொண்டுபோயிற்று. நொந்துபோன மக்கே தன் நினைவுக் குறிப்புகளில் குறை சொன்னது அந்தக் கத்தியைத்தான். குழாயின் வெளியே வளையமாக மாட்டி, கத்தி இருக்கும்போதே சுடக்கூடிய அமைப்புக்கு அவர் மாறினார். 1700 வாக்கில் ஐரோப்பியப் படைகளில் அது பொதுவாயிற்று. துப்பாக்கிக்காரர்களைக் காக்க அதுவரை பக்கத்தில் நின்ற நீள் ஈட்டிப்படை அதோடு மறைந்தது.

வாளுக்கு உண்மையான எதிரி துப்பாக்கிக் குண்டைவிட இந்தத் துப்பாக்கிமுனைக் கத்திதான் என்று நான் நினைக்கிறேன். கெட்டிக்கும் இருபது நொடிக்குள் நுழைந்துகொண்டிருந்த வாளின் முகத்தில் அது கதவைச் சாத்தியது. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் மேட்டில் மலைநாட்டவர் மறுபடியும் வாளோடு ஓடி வந்தபோது, சதுப்பு நிலம் அவர்கள் காலைப் பிடித்தது, பீரங்கியின் சிதறு குண்டுகள் வரிசையை அறுத்தன. எட்டி வந்தவர்களுக்கு முன்னால் கத்தி மாட்டிய துப்பாக்கி வரிசை நின்றது. நேர் எதிரே வருபவனை விட்டுவிட்டு, வலப்பக்கத்துத் தோழனைத் தாக்க வாளை ஓங்குபவனின் கேடயம் மறைக்காத விலாவில் குத்தும்படி அந்தச் சிப்பாய்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தன் உயிரைப் பக்கத்தில் நிற்பவன் கையில் ஒப்படைத்துவிட்டுத் தான் இன்னொருவனைக் காப்பது. ஒரு மணி நேரத்துக்குள் போர் முடிந்தது. கல்லோடனில் வாள் தோற்றது இந்தப் பழக்கத்திடம் என்றால் மிகையாகாது. அதன் பிறகு அந்த மலைநாட்டு இளைஞர்களைக் கொண்டே ஆங்கிலேயர் தங்கள் ரெஜிமென்டுகளைத் திரட்டினார்கள். அவற்றில் இரண்டான 73ஆம், 74ஆம் ஹைலேண்டர் ரெஜிமென்டுகள் 1799 மே 4 அன்று காவிரியின் நீர் குறைந்த படுகையைத் தாண்டி ஸ்ரீரங்கப்பட்டணத்தின் உடைந்த மதிலில் ஏறின.

அன்று பகல் ஒரு மணியளவில் பதுங்குகுழியிலிருந்து எழுந்து, உருவிய வாளோடு முன்னே நடந்தவர் அதே டேவிட் பேர்ட், இப்போது மேஜர் ஜெனரல். மதிலின் மேல் நின்று, பணியாளர்கள் கெட்டித்துக் கொடுக்கக் கொடுக்கத் தன் வேட்டைத் துப்பாக்கிகளால் சுட்டுக்கொண்டிருந்தவர் திப்பு. வாளோடு வந்தது இங்கே ஆங்கிலப் படைத்தலைவர், துப்பாக்கியோடு நின்றது நம் அரசர். தங்கை மகனின் வரியை எழுத்தாணியால் கீறினாற்போல் அந்தக் காட்சி கிடக்கிறது. கெட்டிக்கும் நேரத்தைத் திப்பு பணியாளர்களைக் கொண்டு வென்றிருந்தார். அவர்கள் விழுந்தபோது, அல்லது கூட்ட நெரிசலில் பிரிந்தபோது, அந்த வசதி போயிற்று. குண்டடிபட்டு, குதிரையும் அடிபட்டு, கோட்டையின் உள்வாயில் இடுக்கில் பிணங்களுக்கு நடுவே அவரைப் பல்லக்கில் சாய்த்தார்கள். அவருடைய வாள் கச்சையின் பொன் கொக்கியைப் பறிக்கக் கைநீட்டிய சிப்பாயை, யாரென்று தெரியாமலே, அவர் வாளால் வீசிக் காயப்படுத்தினார் என்றும், அந்தச் சிப்பாய் அவர் நெற்றிப் பொட்டில் சுட்டான் என்றும் அன்றைய குறிப்புகள் சொல்கின்றன. அவன் துப்பாக்கியில் குண்டு கெட்டித்திருந்தது, அவ்வளவுதான். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு புள்ளலூரில் பல்லக்கில் காயத்தோடு கிடந்த பெய்லியைத் தன் சுவரில் வரைவித்தவர் இப்போது தானே பல்லக்கில் கிடந்தார். அன்று மாலை தீவட்டி வெளிச்சத்தில் அவர் உடலைத் தேடிக் கண்டவர்களில் பேர்டும் ஒருவர்.

மர உறை

அதற்குப் பிறகும் வாள் போகவில்லை. 1853இல் லூயிஸ் நோலன் என்ற ஆங்கிலக் குதிரைப்படைக் கேப்டன் தன் தொழிலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சென்னை மாகாணத்தில் ஆளுநரின் மெய்க்காப்பு உதவியாளர் வரை பல பணிகளில் இருந்தவர் அவர். ஐதராபாத் நிஜாமின் குதிரை வீரர்கள் ஒரு மோதலில் ஏற்படுத்திய காயங்களைப் பற்றிய மருத்துவரின் அறிக்கையைப் படித்து அவர் திகைத்துப் போனார்: ஒரே வீச்சில் துண்டான தலைகள், கைகள், கால்கள். எந்தக் கொல்லன் அடித்த வாள், என்ன வித்தை என்று அறிய நேரே போய்ப் பார்த்தார். அவர் கண்டது, ஆங்கிலக் குதிரைப்படை பயனற்றது என்று கழித்துக் கட்டிய பழைய வாள்கள். நிஜாமின் ஆட்கள் அவற்றுக்குப் புதுக் கைப்பிடி போட்டு, சவரக்கத்தி போல் சாணை பிடித்து, மர உறையில் வைத்திருந்தார்கள்; சண்டையைத் தவிர வேறு எதற்காகவும் உருவுவதில்லை. ஆங்கிலேயர் அதே வாளை எஃகு உறையில் போட்டு, நாள்தோறும் அணிவகுப்பில் உருவிச் செருகி, பளபளப்பாக்கி, மொண்ணையாக்கிக்கொண்டிருந்தார்கள். எப்படி வெட்டுகிறீர்கள், என்ன பயிற்சி என்று ஒரு முதியவரிடம் நோலன் கேட்டதற்கு, பயிற்சி எதுவும் கொடுப்பதில்லை, கூரான வாள் யார் கையிலும் வெட்டும் என்று அவர் பதில் சொன்னாராம். கவனிக்க வேண்டியது, இது புள்ளலூருக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. சக்கிமுக்கிக் கல் போய்க் கேப்பு வந்தாயிற்று, வாள் இன்னும் காயங்களின் பட்டியலில் முதலில் நின்றது. ஓடுபவனை விரட்டிப் பிடிக்கும் வேலை குதிரை வீரனுடையது. முதுகைக் காட்டி ஓடுபவனுக்குப் பின்னால் நின்று கெட்டிக்க யாருக்கு நேரம்? நோலன் மறு ஆண்டே, 1854 அக்டோபர் 25 அன்று, பலக்லாவாவில் பீரங்கிகளை நோக்கி வாளோடு பாய்ந்த பெயர்பெற்ற குதிரைப்படைத் தாக்குதலின் தொடக்கத்தில், வெடிகுண்டுச் சில்லு பாய்ந்து இறந்தார்.

அதற்கு அடுத்த சில பத்தாண்டுகளில், பின்பக்கமாகத் தோட்டா இடும் துப்பாக்கியும் ஆறு குண்டுச் சுழல் துப்பாக்கியும் கெட்டிக்கும் நேரத்தைச் சில நொடிகளாகச் சுருக்கின. வாள் குடியிருந்த வீடு இடிந்தது. ஆங்கிலப் படை தன் குதிரை வீரர்களுக்கு மிகச் சிறந்த வாளை வடிவமைத்துக் கொடுத்தது 1908இல். அப்போது இயந்திரத் துப்பாக்கி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அரசாங்கங்களுக்கும் சில கணக்குகள் தாமதமாகத்தான் புரிகின்றன.

சென்னைக்குப் போகும்போதெல்லாம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்கு ஒரு நடை போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த வாள்களும் கட்டாரிகளும் அங்கே இருக்கின்றன. முன்பெல்லாம் கைப்பிடி வேலைப்பாட்டைப் பார்ப்பேன். இப்போது அலகின் விளிம்பை, கண்ணாடி அனுமதிக்கும் அளவுக்குக் குனிந்து பார்க்கிறேன்.

உரைக்கு வருகிறேன். தங்கை மகனின் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கத்திலும் இரண்டு ஆயுதமும் இருந்தன என்றும், துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பாலோர் கும்பினியின் சம்பளம் மாதந்தோறும் கிடைத்ததால் அங்கே நின்ற நம் ஊர்க்காரர்கள் என்றும், 1799இல் நிஜாமின் படையும் கும்பினியோடு சேர்ந்துதான் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்தது என்றும், தோல்வியின் காரணத்தை ஆயுதத்தைவிட மருந்து வண்டியிலும் பணப்பெட்டியிலும் தேட வேண்டும் என்றும் சொல்வதற்கு எனக்கு நான்கு வாக்கியங்கள் தேவைப்பட்டன; நான்கும் நீளம். மறுநாள் இரவு அவன் தொலைபேசியில் அழைத்தான். நான் எழுதியது சரிதான் என்று அவனுக்கும் படுகிறதாம், புள்ளலூர் கதை மிகவும் பிடித்திருக்கிறதாம். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "ஆனால் மாமா, இதில் எந்த இடத்தில் கையை உயர்த்துவது?" என்று கேட்டான்.